ஒன்பதாம் பாடம்

மேஜர் திருமேனி பனிமலைப் பணி முடிந்து கோயம்புத்தூர் வந்திருந்தார். அடுத்த முகாமுக்குத் தலைவராகப் போக இன்னும் நான்கு மாதம். அதற்குள் ஆன்லைனில் தலைமைப் பண்பு பற்றிய ஒரு படிப்பை முடித்துச் சான்றிதழ் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

மொத்தம் எட்டுப் பாடங்கள். ஆசிரியை பர்வீன் அவரைவிட ஏழு வயது இளையவர், துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர். முதலில் மேஜருக்கு அதுவே எரிச்சல். போகப் போக மரியாதை வந்துவிட்டது. பாடம் நடத்திய விதம் அப்படி.

தவறிப்போன உத்தரவு ஒன்றைப் பற்றி எழுதுவதுதான் கடைசிக் கட்டுரை. தன் படையில் நாயக் பதவியில் இருந்த சூசையைப் பற்றி மேஜர் எழுதினார். கிழக்கு மேட்டில் போய்க் காத்திரு என்று அவனை அனுப்பியிருந்தார். அங்கே கிழக்கில் இரண்டு மேடுகள் இருந்தன. சூசை தவறான மேட்டில் ஆறு மணி நேரம் பனியில் நின்று, நான்கு கால்விரல்களை இழந்தான். சந்தேகம் இருந்தால் அவன் கேட்டிருக்க வேண்டும் என்று கட்டுரை முடிந்தது.

பர்வீன் அதை மூன்று முறை திருப்பி அனுப்பினார். காரணம் எழுதவில்லை. கடைசி நாளும் வந்துவிட்டது. காலையில் மேஜர் வீடியோவில் அழைத்தார்.

"இதுல என்ன குறை, மேடம்? அவன் ஏன் கேக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பர்வீன் ஏதோ காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒன்பதாம் பாடத்துல இருக்கிறபடி திருத்துங்க. அஞ்சு மணிக்குள்ள வரணும். சந்தேகம் இல்லையே?"

"இல்ல, மேடம்."

திரை அணைந்தது. இருபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகுதான் தேடல். தான் எதையோ தவறவிட்டிருக்க வேண்டும் என்றே மேஜர் நினைத்தார். எட்டுப் பாடங்களையும் மறுபடி புரட்டினார். கூடப் படிக்கும் இரண்டு அதிகாரிகளுக்கு போன் போட்டார். ஒன்பதாம் பாடத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றார்கள் இருவரும். பாவம், அவர்களும் ராணுவம்தானே. தட்டில் சாப்பாடு ஆறியது. கைக்கு வந்த பொறுப்பு போகிறதே என்று மேஜர் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

நாலே முக்காலுக்கு மறுபடி அழைத்தார்.

"மேடம், ஒன்பதாம் பாடம்னு ஒண்ணு இல்லவே இல்ல."

"ஆமா, இல்ல. காலையிலேயே ஏன் கேக்கல?"

மேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எப்படிக் கேக்குறது? நீங்க என் முகத்தைக்கூடப் பாக்கல. 'இல்லையே'ன்னு பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க. கேட்டா, இவன் ஒழுங்கா படிக்கலைன்னு நினைப்பீங்க. அதுக்குப் பயந்து நானே..."

மேஜரின் பார்வை தன் கட்டுரையின் கடைசி வரிக்குப் போனது.

பர்வீன் காகிதங்களை மூடிவைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, மேஜர். இப்பச் சொன்னதை அப்படியே எழுதுங்க. சூசை சொல்றதா எழுதுங்க."