குழைக்காதருக்குப் பிழிந்த எலுமிச்சம்பழம்

மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மடம். அதன் குரு பெரியநாயகி அம்மை. அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவருக்குச் சீடர்கள். சமையலைக் கவனித்துக்கொண்ட திருமேனியும் அப்படி ஒருவர். தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவர். அதற்கு முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம் விடவில்லை. உப்பைக்கூடக் கையால் அள்ளிப் போடமாட்டார், கரண்டியால் தலைதட்டித்தான் போடுவார்.

மடத்தில் அவருக்கு நெருக்கமானவர் குழைக்காதர். ஊர் ஊராகப் போய் நாயனம் வாசித்தவர். முன்பல் விழுந்ததும் வாசிப்பை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். இருவரும் ஓயாமல் சண்டை போடுவார்கள். ஆனால் ஒருவர் வராமல் மற்றவர் பந்தியில் உட்காரமாட்டார்.

மழைக்காலத்தில் குழைக்காதருக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போய்விட்டது, பசி திரும்பவில்லை. எதைக் கொடுத்தாலும் மண்ணாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார். வந்து பார்த்த வைத்தியர், திருமேனியைத் தனியே அழைத்து, இனி மருந்துக்கு வேலையில்லை, சோறு உள்ளே போனால் எழுந்து நடப்பார், போகாவிட்டால் ஆளை நம்பமுடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருமேனி ஓட்டமாக ஓடினார். தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மையிடம் போய்ச் சொன்னார். அம்மை முழுவதையும் கேட்டுக்கொண்டு, தினமும் சாப்பாட்டில் எலுமிச்சம்பழம் சேருங்கள் என்றார்.

"எவ்வளவு அம்மா?"

"மரம் நிறைய காய்ச்சிருக்கே."

இது பதில்தானா என்று திருமேனிக்குப் பிடிபடவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கூடை நிறையப் பறித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

முதல் நாள், ரசம் தளதளவென்று கொதிக்கும்போதே பழங்களைப் பிழிந்தார். கொதியில் போட்டால்தான் சாரம் இறங்கும் என்பது அவர் எண்ணம். ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று தோலை விதையோடு நசுக்கினார். ரசம் ஒரேயடியாகக் கசந்தது. பந்தியில் ஒரு முகம் பாக்கியில்லாமல் கோணியது. கட்டிலில் கிடந்த குழைக்காதர் ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"ஏன்வே, வேப்பமரத்துல எலுமிச்சங்காய் பறிச்சீராக்கும்?"

மறுநாள் ரசத்தை இறக்கிவைத்து, கொதி அடங்கியபின், விதையை எடுத்துவிட்டுப் பிழிந்தார். மணம் வாசல்வரை போயிற்று. எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். குழைக்காதர் மட்டும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு கஞ்சியில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். வெல்லமும் சுக்கும் போட்டுப் பானகமாகக் கரைத்தார். எலுமிச்சங்காய் ஊறுகாயில் ஒரு கீற்றைக் கிள்ளி நாக்கு நுனியில் வைக்கப் பார்த்தார். ஒவ்வொன்றையும் கரண்டியில் ஏந்திக்கொண்டு, இது பித்தத்துக்கு, இது சீரணத்துக்கு என்று சொல்லிக்கொண்டே போவார். குழைக்காதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாத்திரம் அப்படியே திரும்பி வரும்.

திருமேனிக்கு மண்டை குழம்பியது. கூட்டினால் கூடாது, குறைத்தால் போதாது என்றால் அளவு எங்கேதான் இருக்கிறது? மீண்டும் தோட்டத்துக்கு அம்மையிடம் போய், செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் அம்மை.

திருமேனிக்குச் சுருக்கென்றது. தான் கேட்டதென்ன, இவர் கேட்பதென்ன?

"அவர் இப்படிக் கிடக்கையில எனக்கு எப்படி அம்மா இறங்கும்? அடுக்களையிலயே நின்னுக்கிட்டு ரெண்டு வாய் மோர்ச்சோறு போட்டுக்கிறேன். எலுமிச்சைய நான் தொடவே இல்ல."

"நாளைக்கு அவருக்கு ஒண்ணும் கொண்டுபோகாதீங்க. உங்களுக்கு ஒரு இலை போட்டு, அவர் கட்டிலுக்கு எதிரே உக்காந்து எலுமிச்சைச் சோறு சாப்பிடுங்க. வேணுமான்னு அவரைக் கேக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு அம்மை களை பறிக்கக் குனிந்துவிட்டார். திருமேனி அங்கேயே நின்றார். சோறு இறங்காத மனுஷன் முன்னால் உட்கார்ந்து தின்பதா? இது தனக்குத் தண்டனையா? அல்லது குழைக்காதரை அம்மையும் கைவிட்டுவிட்டாரா? ஒன்றும் விளங்காமல் நடந்தார்.

மறுநாள் மத்தியானம் சொன்னபடி இலை போட்டார். மஞ்சளாகச் சோறு, ஓரத்தில் நறுக்கிய அரைப் பழம். தலையைத் தூக்கவே வெட்கமாக இருந்தது. முதல் கவளத்தை ருசி பாராமல் விழுங்கினார். இரண்டாவதில் தாளித்த கடுகும் பச்சைமிளகாயும் புளிப்போடு சேர்ந்து நாக்கைத் தொட்டன. இத்தனை நாள் அடக்கிவைத்த பசி குபீரென்று கிளம்பியது. எதிரே ஆள் இருப்பதை மறந்து அள்ளி அள்ளிப் போட்டார். போதாதென்று அந்த அரைப் பழத்தையும் எடுத்துக் கடித்து, கண்ணை இறுக்கி, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ஓய்."

திருமேனி கண்ணைத் திறந்தார். குழைக்காதர் சுவரில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். துண்டால் கடைவாயைத் துடைத்தார்.

"நாயனக்காரன் முன்னால எலுமிச்சம்பழம் சப்புறது எப்பேர்ப்பட்ட பாவம்னு தெரியுமாவே உமக்கு?"

ஒரு தேரோட்டத்தில் காம்போதி ராகத்தை நல்ல உச்சத்தில் பிடித்திருந்தபோது, பொடிப்பயல்கள் முன்னால் வந்து நின்று எலுமிச்சம்பழத்தைச் சப்பிக் காட்டினார்களாம். வாயெல்லாம் எச்சில் ஊறி, வாயில் வைத்து ஊதுகிற சீவாளி நனைந்து, நாயனம் பீப்பீ என்று கத்தியதாம். தவில்காரரின் கம்பைப் பிடுங்கிக்கொண்டு தெருக்கோடிவரை அவர்களைத் துரத்தினாராம். சொல்லி முடிப்பதற்குள் அவர் பலமுறை எச்சில் விழுங்கிவிட்டார்.

திருமேனி பதறிப்போய் இலையை மூடப் போனார்.

"மூடாதேயும். இங்கிட்டுத் தள்ளும்."

"எச்சில் இலைவே. இரும், வேற கொண்டாரேன்."

"என் வாயே எச்சிலாத்தான் கெடக்கு. தள்ளும்."

மீந்திருந்த சோற்றைக் குழைக்காதர் ஒரு பிடி உண்டார். இன்னொரு பிடி எடுத்தார். உப்புக் குறைச்சல் என்று குற்றமும் சொன்னார். அடுக்களையிலிருந்து மறுசோறு வந்தது. அதுவும் உள்ளே போயிற்று.

சாயங்காலம் திருமேனி அம்மை முன்னால் வந்து நின்றார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. குழப்பமும் அப்படியே இருந்தது.

"இத்தனை நாள் அவருக்குன்னு பாத்துப் பாத்துப் பிழிஞ்சேன், தொடல. இன்னைக்கு எனக்குன்னு பிழிஞ்சேன், பிடுங்கித் தின்னுட்டார். அப்படி என்னதான் அம்மா குடுத்தேன் நான் அவருக்கு?"

"நீங்க ஒண்ணும் குடுக்கலையே, ஐயா" என்றார் அம்மை. "சாப்பிட்டீங்க."