காய் விட்டவன்தான் பழம் விடணும்

மலையடிவார மடத்தில் பால்வண்ணனுக்குச் சமையல்கட்டில் வேலை. யார் என்ன சொன்னாலும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசமாட்டான். 'வாய்ப்பூட்டு சாமி' என்று மற்ற சீடர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் சிரித்து வைப்பான்.

அன்று காலை செண்பகம் என்று ஒருத்தி அவனைத் தேடி வந்தாள். உலகநாதனின் மனைவி. சின்ன வயதில் உலகநாதனும் பால்வண்ணனும் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், நகமும் சதையும்.

"சாமின்னு கூப்பிடவா, அண்ணேன்னு கூப்பிடவா, தெரியல. அவரு ஜெயில்ல இருக்காரு. கொலைக் கேசு."

மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் பரிசு கொடுக்க ஒரு பழைய டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டிருந்தார்களாம். அந்தக் கிழவர் மகளின் தோளில் கை வைத்ததுதான் தாமதம், உலகநாதன் மேடையேறி நாற்காலியால் அடித்துவிட்டான். ஆள் அங்கேயே போய்விட்டார்.

"ஏன் அடிச்சேன்னு வக்கீல்கிட்டகூட வாய் திறக்கல. 'பால்வண்ணனுக்குத் தெரியும்'னு மட்டும் சொன்னாரு. நீங்க வந்து சொன்னா தண்டனை குறையுமாம், அண்ணே. நாளான்னைக்கு கோர்ட்டு."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, பால்வண்ணன் மடத்துப் பெரியவரிடம் போய் அவள் சொன்னதையெல்லாம் சொன்னான். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"சாமி, எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன் கோர்ட்டு படி ஏறலாமா?"

"அதை விடு. நீ என்ன பார்த்த?"

பால்வண்ணன் ஒரு கீரைக்கொத்தைக் கையில் எடுத்தான். "எங்களுக்கு அப்போ ஒம்பது வயசு சாமி. அந்த டிரில் மாஸ்டர் ரூம்ல இருந்து உலகநாதன் வெளிய வந்தான். சட்டையை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருந்தான். உடம்பெல்லாம் நடுக்கம். என்னலன்னு கேட்டேன். சுண்டுவிரலைக் காட்டி 'காய்'னுட்டு ஓடிட்டான்."

"அப்புறம்?"

"காய் விட்டவன்தானே சாமி பழம் விடணும்? காத்துக்கிட்டே இருந்தேன். அவன் விடவே இல்ல. நானும் யார்கிட்டயும் மூச்சு விடல."

பிள்ளைகள் போட்ட சட்டம்! சர்க்கார் சட்டம்கூட மாறும், அது மாறுமா?

பெரியவர் கீரையைத் தள்ளி வைத்தார். எண்பது வயது மனுஷர், சுண்டுவிரலை நீட்டி, "காய்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பால்வண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பெல்லாம் மத்தியானம் வரைதான். சோறு போட்டான், அவர் பேசவில்லை. மோர் வேணுமா என்றான், பேசவில்லை. தப்பு ஏதும் செய்தேனா என்றான், அதற்கும் பேசவில்லை. தினமும் "சாப்பிட்டியால" என்று கேட்கிற வாய் அது. பொழுது சாய்வதற்குள் அவனுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அவர் முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினான்.

"பழம், சாமி."

"காய் விட்டவன் நான்லா? நீ ஏன் பழம் விடுத?"

"யாரு விட்டா என்ன சாமி? பேசாம இருக்க முடியலையே!"

ஒன்பது வயதில் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அழுதான்.

பெரியவர் துண்டால் அவன் முகத்தைத் துடைத்தார். தலையைத் தடவிக்கொடுத்தார். நீட்டிய விரலை மட்டும் தொடவில்லை.

"இந்தப் பழம் எனக்கு இல்லல. விரலை மடக்காம கோர்ட்டுல அவன்கிட்ட கொண்டு போ."