குறிஞ்சி நகர் கமிட்டி லோகோ நீக்கிய வரலாறு

அறிவு ஒரே இடத்தில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால் அதற்குக் கமிட்டி என்று பெயர். சேலத்துக்கு வெளியே, குறிஞ்சி நகர் பிள்ளையார் கோயிலுக்கும் அப்படி ஒன்று வாய்த்திருந்தது. தலைவர் மகுடபதி, செயலாளர் உலகநாதன், அப்புறம் தீர்த்தகிரி. தீர்த்தகிரியின் மகள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அதனால் தீர்த்தகிரிக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று கமிட்டி தீர்மானமே போட்டிருந்தது.

கோயிலில் எல்லாம் இருந்தது, கூரை மட்டும் இல்லை. பங்குனி வெயிலில் சிமெண்டுத் தரையில் பிள்ளையாரைச் சுற்ற வருகிறவர்கள் முதல் சுற்றை நடப்பார்கள், இரண்டாவதை ஓடுவார்கள், மூன்றாவதை வீட்டுக்குப் போய் மனசுக்குள் சுற்றிக்கொள்வார்கள். ரைஸ்மில் பொன்னுரங்கம்தான் ஒரே நம்பிக்கை. "கும்பாபிஷேக மலர் நல்லா வரட்டும். வெளியீட்டு விழாவுலயே கூரைக்குச் சொல்லிடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மலருக்குப் படம் எடுத்தவர் மகுடபதியின் மச்சான். எல்லாப் படத்திலும் பிள்ளையாரின் தும்பிக்கை மேலேயே தன் ஸ்டூடியோ லோகோவை அப்பி வைத்திருந்தார். மச்சானுக்கு ஒரு போன் அடித்திருந்தால் லோகோ இல்லாத படமே வந்திருக்கும். போன் அடித்து முடிகிற காரியத்துக்குக் கமிட்டி எதற்கு? படத்திலிருந்து லோகோவைத் தானாகவே நீக்கும் டூல் ஒன்றைத் தீர்த்தகிரி கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

அது எடுத்த எடுப்பிலேயே கேள்வி கேட்டது. "எதை நீக்க வேண்டும்? விளக்கவும்."

"லோகோவைன்னு போடு" என்றார் மகுடபதி.

"லோகோன்னா என்னன்னு திருப்பிக் கேட்டா?" என்றார் தீர்த்தகிரி.

மூவரும் தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் உலகநாதன் கண் திறந்தார்.

"லோகோன்னா பேருதானே? பேர் எழுதியிருக்கிறது எல்லாத்தையும் எடுத்துடுன்னு போடுய்யா."

"அடேங்கப்பா! இந்த மூளையை வெச்சுக்கிட்டு நீ ஏன்யா குறிஞ்சி நகர்ல கெடக்கறே?" என்று தலைவர் உருகிப்போனார். தீர்த்தகிரியும் அப்படியே தட்டிவிட்டு, ஓர் ஓரமாக நின்று திரையைப் பார்த்தார்.

"என்ன பாக்கற? வெளிய வா!" என்று மகுடபதி பதறினார். "தானா செய்யும்னு போட்டிருக்கில்ல? நாம பக்கத்துல நின்னா அது எப்படித் தானா செஞ்சதாகும்?"

நியாயம்தானே. மூவரும் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து டீ குடித்தார்கள். வேலை முடிந்ததும் படங்கள் நேராகப் பிரஸ்ஸுக்குப் போயின. ஒருமுறை திறந்து பார்த்தால் அதைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

வெளியீட்டு விழா அன்று காலையில் மலர்க் கட்டு வந்தது. பிரித்தார்கள்.

நம் ஊர்க் கோயில் உங்களுக்குத் தெரியாததா? உபயம் இன்னார் என்று எழுதி எழுதி, ட்யூப்லைட்டில் வெளிச்சம் வர இடமிருக்காது. ஃபேன் இறக்கை, மணி, கேட், படிக்கட்டு, உண்டியல், பொங்கல் அண்டா, எதையும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். டூல் பாவம், சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது. பேர் எழுதிய ஒரு சாமான்கூடப் படத்தில் இல்லை. வெட்டவெளியில் பிள்ளையார் மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முதுகிலும் எழுத இடம் கேட்டவர்கள் உண்டு, குருக்கள் விடவில்லை. அதனால் தப்பினார்.

"போச்சு! கூரை போச்சு!" என்று உலகநாதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதே விட்டார்.

"யோவ், அழுவாத. அச்சுல வந்தது எப்படிய்யா தப்பாகும்?" என்றார் மகுடபதி. "மலர் சரியாத்தான் இருக்கு. கோயில்தான் மலர் மாதிரி இல்ல."

"அப்ப பொன்னுரங்கம் அண்ணன் வந்து ரெண்டையும் ஒத்துப் பாத்தாருன்னா?"

"அதான் சொல்றேன். கழட்டுங்கய்யா!"

டெம்போ வந்தது. கம்பத்திலிருந்து ட்யூப்லைட் இறங்கியது, ஃபேன் இறங்கியது, கேட் பெயர்ந்தது. படிக்கட்டைக் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். "அடப்பாவிகளா, மணியையாவது விடுங்கடா!" என்று குருக்கள் குறுக்கே விழுந்தார். "மணி படத்துல இல்லீங்களே சாமி" என்று தீர்த்தகிரி பணிவாகப் பக்கம் புரட்டிக் காட்டினார்.

பொன்னுரங்கம் வந்தார். படி இல்லாததால் அவரைத் தூக்கித்தான் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யோவ், கோயில் எங்கய்யா?"

"அப்படியே மலரைப் பாருங்கண்ணா, அச்சு அசலா இருக்கும்" என்று மகுடபதி நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரே ஒரு வித்தியாசம் காட்டுங்க, கமிட்டியைக் கலைச்சுடறோம்."

பொன்னுரங்கம் பக்கங்களைப் பரபரவென்று புரட்டினார். முகம் சிவந்தது.

"கும்பாபிஷேகத்துக்கு நான் குத்துவிளக்கு ஏத்தினேனே, அந்தப் படத்துல நான் எங்கய்யா?"

மூவரும் குனிந்து தேடினார்கள். குத்துவிளக்கும் இல்லை, ஏற்றியவரும் இல்லை. எந்தச் சட்டை போட்டாலும் பையில் மில் பேரைத் தைத்துக்கொள்கிற மனிதரை டூல் எப்படி விட்டுவைக்கும்?

உலகநாதன் மகுடபதியின் காதருகே குனிந்தார். "தலைவரே, ஒண்ணு விட்டுப்போச்சு" என்று கிசுகிசுத்தார்.

"நல்லவேளை, அண்ணனே எடுத்துச் சொன்னாரு" என்று மகுடபதி கைகூப்பினார். "தீர்த்தகிரி, நீ கால் பக்கம் பிடி."

டெம்போவில் அண்டாவுக்கும் கேட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது.

"இறக்கி விடுங்கய்யா! கூரை போட்டுத் தரேன்யா, இன்னிக்கே போட்டுத் தரேன்!" என்று பொன்னுரங்கம் அலறினார்.

"மன்னிக்கணுங்கண்ணா" என்றார் மகுடபதி, டெம்போவின் பின்கதவைச் சாத்திக்கொண்டே. "படத்துல கூரையும் இல்லீங்க."