ஒன்பது ஜோடிச் செருப்பும் பத்தாவது ஆளும்

ஒரு காலத்திலே, கப்பல் வந்து நிற்கிற ஒரு பட்டணத்திலே, பாக்தாதிலிருந்து குடியேறிய பத்து யூத வியாபாரிகள் ஒரு ஜெபக்கூடம் கட்டினார்கள். நாற்காலியும் பத்தே பத்து. அவர்கள் வந்த கப்பலிலேயே வந்த யூதச் சுமைகூலி மெனாஹெமுக்கு மட்டும் வாசலில் செருப்புக் காவல். எல்லாம் தலைவர் பின்ஹாஸ் முதலாளியின் பெரிய மனசு.

ஒருநாள் வியாபாரி ஒருவர் பின்ஹாஸோடு சண்டைபோட்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் தனிக்கூடம் தொடங்கிவிட்டார். அங்கே அவர்தான் தலைவர், அவரேதான் கூட்டம்.

அன்றைக்கென்று பின்ஹாஸின் தகப்பனாருக்கு நினைவு நாள். அதற்கு மகன் சொல்லவேண்டிய ஜெபத்தைப் பத்து யூத ஆண்கள் கூடாமல் சொல்லக் கூடாது. பொழுதோ சாய்கிறது.

"டேய் மெனாஹெம், உள்ளே வந்து ஓரமா நில்லுடா!" என்றார் பின்ஹாஸ்.

"செருப்பை யாரு பார்க்கிறது முதலாளி? ஜெபம் சொல்றவர் எப்படியும் நின்னுதானே சொல்லணும்? நீங்க வாசப்படிகிட்ட நின்னு சொன்னா செருப்பும் கண்ணுல இருக்கும். உங்க நாற்காலியும் சும்மாதானே கிடக்கும்?"

மற்ற எட்டுப் பேரும் தங்கள் செருப்பை நினைத்துப் பார்த்தார்கள். "அருமையான யோசனை!" என்றார்கள்.

ஜெபம் முடிந்து எட்டுப் பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். மெனாஹெம் பின்ஹாஸின் நாற்காலியிலிருந்து சாவகாசமாக எழுந்து வந்தான்.

வாசலில் தன் செருப்பு மட்டுமே மிச்சமிருப்பதைப் பார்த்து, "உன் செருப்பு எங்கேடா?" என்று உறுமினார் பின்ஹாஸ்.

"எனக்கேது செருப்பு? அடுத்த வாரத்துக்குள்ள எனக்கொரு நாற்காலி செய்யச் சொல்லுங்க. இல்லேன்னா காவல் உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு நடையைக் கட்டினான்.