நாங்கள் காப்போம்

“ஐந்து நாட்டுக்கும் பொதுவாக ஒரு படை வேண்டும். அது கழிமுகக் கரையில் போய்க் காவல் நிற்கவேண்டும். ஆனால் வீரன் ஒருவன்கூட நம் எல்லையைத் தாண்டக் கூடாது. இதில் உனக்கு என்ன குழப்பம்?”

“குழப்பமே இல்லை, மன்னா. தலைக்குக் குளிக்கவேண்டும், தலை மட்டும் நனையக் கூடாது. அவ்வளவுதானே?”

சபை சிரித்தது. கேள்வி கேட்டவரும் சிரித்தார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர், வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு முறைத்துக்கொண்டிருந்த தளவாய் மல்லையர். இன்னொருவர், விருந்தினர் ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கழிமுகநாட்டு அரசி அல்லியங்கோதை.

இது நடந்தது முன்னொரு காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து சொல்லாத காலத்தில். மலையில் பிறந்து கடலில் கலக்கும் ஓர் ஆறு. அதன் கரையோரம் மணி கோத்ததுபோல் ஐந்து நாடுகள். உச்சியில் மலைநாடு, அதற்குக் கீழே குதிரைநாடு, பிறகு நெல்நாடு, பிறகு அரசர் வல்லபதேவரின் நாடு, ஆறு உப்பாகும் இடத்தில் கழிமுகநாடு. வல்லபதேவருக்குக் காலையில் ஓர் ஆசை வரும், மாலைக்குள் அதற்கு நேர் எதிராக இன்னோர் ஆசை வரும். இரண்டையும் ஒரே மூச்சில் நிறைவேற்றவேண்டும் என்பார். அதற்காகவே சபையில் ஒரு விகடனை வைத்திருந்தார். அவன் பெயர் பிட்டன். குளிக்கவேண்டும் நனையக் கூடாது என்று சொன்னவன் அவன்தான்.

எந்தச் சிக்கல் வந்தாலும் அரசர் முதலில் பிட்டனைப் பார்ப்பார், பிறகுதான் தளவாயைப் பார்ப்பார். மல்லையருக்கு அது பல்லிடுக்கில் சிக்கிய நார்போல ஓயாத உறுத்தல்.

“மன்னா,” என்று அவர் எழுந்தார். “ஐந்து நாட்டு அரசர்களும் கூடும் ஆற்றுத்தீவு மன்றத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. மூன்று வருடமாக அங்கே முன்மொழிவு முன்மொழிவாக எழுதி ஓலை தீர்ந்ததுதான் மிச்சம். இந்தத் தடவை பிட்டனே எழுதட்டும். ஐந்து நாட்டுக் கைச்சாத்தும் ஒரு கீறல் விழாமல் வாங்கி வரட்டும். முடியவில்லை என்றால் அந்தப் பொதுப் படையாக அவனையே அனுப்பிவிடலாம். ஓர் ஈட்டி, ஒரு பறை. வாடைக்காற்று ஓயும்வரை கழிமுகக் கரையில் தனியாக நிற்கட்டும்.”

அரசருக்கு அந்தக் காட்சி மனத்தில் விரிந்தது. தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “நல்லது! அப்படியே ஆகட்டும்.”

சபை கலைந்ததும் அரண்மனைப் படிக்கட்டில் அல்லியங்கோதை பிட்டனை நிறுத்தினார். “உன்னைப் பார்த்துக் கடற்கொள்ளையர்கள் சிரித்தே செத்துப்போவார்கள் என்று உங்கள் தளவாய் நினைக்கிறாரோ?”

“சிரிக்க வைப்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும், அரசி.”

“அவர்கள் சிரிப்பதில்லை, பிட்டா. போன வாடைக்காற்றோடு வந்து மூன்று குப்பங்களைக் கொளுத்தினார்கள். ஒரு சத்தம்கூடப் போடவில்லை. நெல் அறுக்கிறவர்கள்போல அமைதியாக வேலை பார்த்துவிட்டுப் போனார்கள்.”

பிட்டனுக்கு இது தெரியும். அவனுடைய அக்காவைக் கழிமுகத்து மீனவக் குப்பத்தில்தான் கொடுத்திருந்தது. அன்று பிற்பகல் உப்புப் படகுகள் துறைக்கு வந்தபோது படகுக்காரர் ஒருவர் அவனைத் தேடிவந்து அவள் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தார்.

“வெங்கலப் பானைய மணல்ல பொதைச்சாச்சாம். காத்து திரும்புறதுக்குள்ள உங்க ராசா ஏதாச்சும் செய்வாரான்னு கேட்டுச்சு. பானைய பொதைச்சிட்டேன், புள்ளைங்கள எங்க பொதைக்கிறதுன்னு தம்பிகிட்ட கேளுன்னுச்சு.”

பிட்டன் படித்துறையில் உட்கார்ந்து மன்றத்தின் வழக்கத்தை யோசித்தான்.

மன்றம் கூடும் ஆற்றுத்தீவு மண்டபத்துக்கு ஐந்து வாசல்கள். ஒருவர் வாசல் வழியாக இன்னொருவர் நுழையமாட்டார். முன்மொழிவு ஐந்து ஓலைகளாக எழுதப்பட்டு ஐந்து அரசர்களுக்கும் போகும். பிடிக்காத சொல்லை அவரவர் எழுத்தாணியால் கீறிவிடலாம். ஐந்து ஓலையிலும் கீறல்படாமல் மிஞ்சும் சொற்கள்தான் தீர்மானம். மலைநாட்டரசர் ‘கடல்’ என்ற சொல்லைக் கீறினார், தம் நாட்டில் அது இல்லை என்பதால். குதிரைநாட்டரசர் ‘படை’யைக் கீறினார், தூரதேசத்துச் சக்கரவர்த்தி ஒருவர் தமக்கு ஆபத்து வந்தால் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்று. நெல்நாட்டரசர் ‘உடனே’யைக் கீறினார், அறுவடை இருக்கிறதே. வல்லபதேவர் எண்களையெல்லாம் கீறினார். சென்ற வருடம் மிஞ்சியவை மூன்று சொற்கள்: ‘மேலும்’, ‘ஆகவே’, ‘வணக்கம்’. மன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது.

துறையில் மீன்குழம்பு கொதிக்கும் வாசனை எழுந்தது. படகுக்காரர்கள் பானையைச் சுற்றிக் கூடினார்கள். அக்காவின் சேதியைக் கொண்டுவந்தவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

“சரிங்க, நாங்க சாப்பிடப் போறோம்.”

பசியோடு இருந்த பிட்டன் பாதி எழுந்துவிட்டான். பிறகுதான் காதில் விழுந்தது: ‘நாங்க’. ‘நாம’ இல்லை. மறுபடி உட்கார்ந்தான். ஒரே ஒரு சொல், அதில் அவனுக்கு மட்டும் இலை போடவில்லை.

பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். படகுக்காரர் பதறிப்போனார். “ஐயையோ, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க! வாங்க, நாம சாப்பிடலாம்!”

“வேண்டாம் அண்ணே, முதலில் சொன்னதுதான் சரி,” என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த தட்டையும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் ஐந்து ஓலைகளில் ஒரே வாசகத்தை எழுதினான்:

‘வாடை வீசும் காலம் முழுதும் கழிமுகக் கரையை நாங்கள் காப்போம். அதற்கு இருநூறு வீரரை நாங்கள் அனுப்புவோம்.’

மலைநாட்டரசர் அதைப் படித்ததும் முகம் மலர்ந்தார். “மன்றம் எனக்கு எழுதியிருக்கிறது. ‘நாங்கள்’ என்கிறார்கள். ஆக, என்னைத் தவிர மற்றவர்கள். மிகவும் சரி!” கீறல் இல்லாமல் கைச்சாத்திட்டார். குதிரைநாட்டரசர் இரண்டு முறை படித்தார். “பெருந்தன்மையான ஆட்கள். நம்மைத் தொந்தரவு செய்யவில்லை.” அவரும் இட்டார். நெல்நாட்டரசர் களத்துமேட்டிலேயே நின்றபடி கைச்சாத்திட்டு, ஓலை கொண்டுவந்தவனுக்கு ஒரு மரக்கால் நெல்லும் கொடுத்து அனுப்பினார்.

வல்லபதேவர் கையில் ஓலை வந்தபோது மல்லையர் அதை வாங்கி எழுத்து எழுத்தாகத் தடவிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். “நாங்கள்... நாங்கள்... இதில் நாம் எங்கும் இல்லை, மன்னா. அபாயம் இல்லை.”

“அப்படியென்றால் மற்ற நால்வரும் அனுப்புகிறார்கள்! பிட்டா, உன்னைப் போல் உண்டா!” அரசர் மகிழ்ச்சியோடு கைச்சாத்திட்டார். பிட்டன் மிகவும் பணிவாகக் குனிந்துகொண்டான், முகத்தை யாரும் பார்க்காதபடி.

பதினைந்தாம் நாள் ஐந்து வாசல் வழியாக ஐவரும் நுழைந்தார்கள். ஐந்து ஓலையிலும் ஒரு கீறல்கூட இல்லை என்று கேட்டதும் மன்றத்துப் பெரிய கணக்கர் நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஒரு சிறிய வழக்கம் பாக்கியிருக்கிறது,” என்றான் பிட்டன். “கைச்சாத்திட்டவர் தம் ஓலையைத் தம் வாயால் உரக்க வாசிக்கவேண்டும். வாசித்தால்தான் தீர்மானம் செல்லும். இத்தனை வருடமாக வாசிக்கும்படி எதுவும் மிஞ்சாததால் பலருக்கு மறந்திருக்கும்.”

கணக்கர் சுவடியைப் புரட்டிவிட்டு ஆமாம் என்று தலையசைத்தார்.

மலைநாட்டரசர் எழுந்தார். கணீரென்ற குரல் அவருக்கு. “வாடை வீசும் காலம் முழுதும் கழிமுகக் கரையை நாங்கள் காப்போம். அதற்கு இருநூறு வீரரை நாங்கள் அனு...” குரல் பாதியில் நின்றது. ஓலையை முகத்தருகே கொண்டுபோனார். “இதை எழுதியது மன்றம் அல்லவா? இதில் ‘நாங்கள்’ என்றால்... நீங்கள்தானே?”

“வாசிக்கிற வாய் தங்களுடையது, பிரபு. கீழே இருக்கும் கைச்சாத்தும் தங்களுடையது. ‘நாங்கள்’ என்று மலைநாட்டரசர் சொன்னால் அது மலைநாடுதானே? குதிரைநாடு என்று எப்படிச் சொல்வது? குதிரைநாட்டாருக்குக் கோபம் வருமே!”

அல்லியங்கோதை எழுந்து கைகூப்பினார். “இருநூறு வீரர். என் குடிகள் சார்பில் நன்றி, மலைநாட்டரசே.” அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. மலைநாட்டரசர் அவரைப் பார்த்தார். வாயில் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு கடைசி வரியை முடித்தார்.

குதிரைநாட்டரசர் மெல்லத் தம் வாசல் பக்கம் நகர்ந்தார். “எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது...”

“உட்காரும்!” என்று மலைநாட்டரசர் உறுமினார். “நான் வாசித்தேன் அல்லவா? நீரும் வாசியும்!”

அவர் வாசித்தார். வாசித்து முடித்த கோபத்தில் நெல்நாட்டரசரின் மேலாடையைப் பிடித்து எழுப்பினார். அவரும் வாசித்தார். மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் அடுத்தவர் தப்பாமல் பார்த்துக்கொண்டார். அந்த மன்றத்தில் அவ்வளவு ஒற்றுமையை யாரும் முன்பு கண்டதில்லை.

அல்லியங்கோதை தம் ஓலையை வாசித்தார். “இருநூறு வீரரை நாங்கள் அனுப்புவோம்” என்ற இடத்தில் சிறிது நின்றார். “எங்களிடம் அத்தனை ஆண்கள் மிஞ்சவில்லை. பெண்களையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.”

யாரும் சிரிக்கவில்லை. குதிரைநாட்டரசர் தரையைப் பார்த்தார்.

மிஞ்சியவர் வல்லபதேவர். அவர் ஓலையை எடுப்பதற்குள் மல்லையர் குதித்து முன்னால் வந்தார். “நில்லுங்கள், மன்னா! சூழ்ச்சி இது! வீரன் ஒருவன்கூட நம் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது தங்கள் ஆணை. ஆணையை மீறிய பிட்டன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போகட்டும்!”

“தளவாய் அவர்களே, ஆணையை இன்னொரு தடவை சொல்லுங்கள்,” என்றான் பிட்டன். “எழுத்துப் பிசகாமல்.”

“வீரன் ஒருவன்கூட நம் எல்லையை...”

“அங்கேயே நிறுத்துங்கள். அரசர் ‘எங்கள் எல்லை’ என்று சொல்லவில்லை. ‘நம் எல்லை’ என்றார். ‘எங்கள்’ என்றால் கேட்கிறவருக்கு அதில் பங்கில்லை. ‘நம்’ என்றால் கேட்கிறவரும் சேர்த்திதான். அப்போது சபையில் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் யார்? கழிமுகநாட்டு அரசி. ஆக, மன்னர் வாயாலேயே இரண்டு நாட்டுக்கும் எல்லை ஒன்றாகிவிட்டது. அது கடலோரத்தில் போய் முடிகிறது. நம் வீரர்கள் அதைத் தாண்டவேண்டாம். அதன்மேல் நின்றால் போதும்.”

வல்லபதேவரின் உதடுகள் அசைந்தன. “எங்கள்... நம்... எங்கள்...” என்று தமக்குள் சொல்லிப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மண்டபத்தின் ஐந்து வாசல் வழியாகவும் வெளியே கேட்கும்படி சிரித்தார். சிரிப்பினூடே ஓலையை எடுத்து, கண்ணில் நீர் வழிய, கடைசி எழுத்துவரை உரக்க வாசித்தார்.

“மல்லையரே, நம் இருநூறு பேருக்கும் நீரே தலைவர். நாளைக் காலை புறப்படும். ஈட்டியும் பறையும் மறக்கவேண்டாம்.”

மல்லையர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். அவர் கெட்ட வீரர் அல்லர். கரையைப் பற்றி அரசியிடம் அவர் அன்றே விசாரிக்கத் தொடங்கியதைப் பிட்டன் பார்த்தான்: அலை எந்தப் பக்கம் உடையும், மணல் எங்கே இறுகியிருக்கும் என்று.

அரசர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிட்டனுக்கு அணிவித்தார். மறுக்கிற அளவுக்கு அவன் மூடன் அல்லன்.

“இது போதாது,” என்றார் வல்லபதேவர், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. “என்னையே ஏமாற்றி என்னையே நல்லவனாக்கிவிட்டாய். இன்னும் ஏதாவது கேள். எதுவானாலும் கேள்.”

வழக்கமாகப் பிட்டன் முகத்தில் ஓடும் குறும்பு அப்போது இல்லை. அதைக் கண்டு அரசரின் சிரிப்பும் மெல்லத் தணிந்தது.

“மன்னா, வாடை தொடங்கியபிறகு ஒருநாள், தொடங்குவதற்கு முன்னால் அல்ல, தொடங்கியபிறகு, தாங்கள் கழிமுகத்துக்கு வந்து என் அக்கா வீட்டில் ஒருவேளை சோறு சாப்பிடவேண்டும். ஆயிரம் பேர் காவலுக்கு வருகிறார்கள் என்று நான் சொல்லியனுப்பினால் அவள் நம்பமாட்டாள். மூன்று வருடமாக இப்படித்தான் சொல்லியனுப்பிக்கொண்டிருக்கிறேன். அரசர் தன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், எழுந்து ஓடாமல் மறுசோறும் கேட்கிறார் என்று கண்ணால் பார்த்தால் நம்புவாள். அன்றைக்குத்தான் பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவாள். வருவீர்களா, மன்னா?”