ஒரு பிரதி போதும்

"ஒரே மூட்டையை ரெண்டு தடவை சுமக்காதேன்னோ என்னவோ எங்க பெரியப்பா சொல்வார்" என்று ஆரம்பித்தார், அரட்டைச் செயலி நடத்தும் முதலாளி தணிகாசலம். "சர்வர் திணறுது. எல்லார் செய்தியையும் பிரிச்சுப் பாரு. ஒரே செய்தி பலருக்குப் போனா ஒரு பிரதி மட்டும் வை. வெள்ளிக்குள்ள முடிக்கலேன்னா உனக்கு வேலை இல்ல."

"ஜனங்களோட அந்தரங்கம் சார்…" என்றாள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மாள்.

"யோக்கியனுக்கு என்னம்மா அந்தரங்கம்?"

"அப்போ வெள்ளோட்டத்துக்கு உங்க செய்திகளையே எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா!"

வெள்ளியன்று, ஐந்து மேனேஜர்கள் முன்னால் திரையில் வெள்ளோட்ட முடிவின் முதல் வரி வந்தது: "'உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அடுத்த ஜி.எம். நீங்கள்தான்.' ஐந்து பேருக்குப் போயிருக்கிறது. ஒரு பிரதி போதும்."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செய்திகளைப் பிரிக்க வேண்டாம், இன்னொரு சர்வர் வாங்கலாம் என்று தணிகாசலம் அன்றே கையெழுத்திட்டார்.