முகம் இல்லாத ராஜா படம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி தேனூர் நாட்டை வாகைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். வீரம், கொடை எல்லாம் நிறைய உண்டு, அதை விடுங்கள். ஆள் பயங்கர கனம். இந்தக் கதைக்கு அதுதான் தேவை. ஒரே வருஷத்தில் மூன்று சிம்மாசனம் அவன் உட்கார்ந்ததும் முறிந்துபோனது. மூன்றாவது முறிந்தபோது பக்கத்து நாட்டுத் தூதர்கள் எதிரிலேயே நின்றிருந்தார்கள். "மரம் சரியில்லை அரசே" என்று சபையே சொன்னது. உண்மையைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

மகள் கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள். அத்தனை மாப்பிள்ளை வீட்டார் முன்னாலும் மறுபடி விழ முடியுமா? புதுச் சிம்மாசனத்துக்கு ஆள் தேடினார்கள். தேர்ச் சக்கரம் செய்கிற மாடத்தி வந்தாள். உடைந்த துண்டுகளைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் ராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மரம் நல்ல மரம்தான் மகாராஜா. நீங்கதான் கனம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "அப்படியா? அப்போ நீயே செய்" என்றான்.

இது மருதங்கிழாருக்குப் பொறுக்கவில்லை. அவர் அரண்மனைக் கண்காணி. முறிந்த மூன்றையும் செய்தது அவர் மச்சான். வேறு என்ன சொல்ல?

நாலாம் நாள் மாடத்தி ஒரு துணியில் படம் வரைந்து எடுத்துவந்தாள். அதில் ஒன்றில்லை, மூன்று படம். மருதங்கிழார் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார்.

"துரோகம் அரசே! முதல் படத்தில் உங்களுக்கு முகமே இல்லை. ஒரு வட்டம், அதற்கு முன்னால் இரண்டு முழங்கால், அவ்வளவுதான்! இரண்டாவதில் சிம்மாசனம் முழுக்க விரிசல், விட்டு விட்டுக் கோடு போட்டிருக்கிறாள். மூன்றாவதில் சிம்மாசனத்தை நடுவிலே பிளந்தே வைத்திருக்கிறாள். இன்று சிம்மாசனத்தைப் பிளப்பவள் நாளை நாட்டைப் பிளக்க மாட்டாளா?"

ராஜாவின் முகம் சிவந்தது. "இதற்கு என்ன தண்டனை?"

"தச்சர் என்றால் வலது கட்டைவிரல், அரசே."

மாடத்தி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரல் போனால் உளி பிடிக்க முடியாது. அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது.

"விரலை எடுத்துக்கோங்க மகாராஜா. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. ஒரு மரக்கால் கொண்டுவரச் சொல்லுங்க."

நெல் அளக்கும் உருளை மரக்கால் வந்தது. அதைச் சபை நடுவில் கவிழ்த்து வைத்தாள். "மகாராஜா, நீங்க இங்கேயே, அதுக்கு நேர் எதிரே உக்காருங்க. ஐயா, நீங்க மேல்மாடத்துக்குப் போங்க. ரெண்டு பேரும் கண்ணுக்குத் தெரியுற விளிம்பை மட்டும் பலகையில வரையணும். தெரிஞ்சதைத்தான் வரையணும், நினைச்சதை இல்ல."

மருதங்கிழார் முனகிக்கொண்டே படி ஏறினார். மேலேயிருந்து எட்டிப் பார்த்து வரைந்துகொண்டு இறங்கி வந்தார். இருவர் பலகையையும் மாடத்தி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ராஜா வரைந்தது சதுரம். மருதங்கிழார் வரைந்தது வட்டம்.

"ஐயா, மகாராஜா வரைஞ்சது பொய்னு சொல்றீங்களா?"

மருதங்கிழாருக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, இல்லை! அரசர் வரைந்ததுதான் சரி. என்னுடையதுதான் தப்பு!"

"அப்போ உங்க கண்ணுதான் தப்பு. அந்தக் கண்ணால என் படத்தைப் பார்த்துத்தானா என் விரலைக் கேட்டீங்க?"

சபை குபீரென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அவனுக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. மூச்சு வாங்க வாங்க மேல்மாடம் ஏறிக் கீழே பார்த்தான். மரக்கால் வட்டம். கீழே அதன் பக்கத்தில் நின்ற மருதங்கிழாரின் வழுக்கையும் வட்டம்.

"ஓய், இங்கிருந்து பார்த்தால் உமக்கும் முகம் இல்லை! அப்போ என் படத்தில் இருந்த வட்டம்?"

"உங்க கிரீடம் மகாராஜா. கைக்கும் இடுப்புக்கும் எவ்வளவு இடம் வேணும்னு மேலேருந்து பார்த்தாத்தான் தெரியும்."

"சரி, அந்த விரிசல்?" என்று கேட்டபடியே ராஜா இறங்கி வந்தான்.

"விரிசல் இல்ல. உங்க கனத்தைத் தாங்க உள்ளே குறுக்கே ரெண்டு தேக்கு உத்தரம் கொடுக்கப்போறேன். முன்னாலேருந்து தெரியாது, ஆனா இருக்கு. இருந்தும் கண்ணுக்குத் தெரியாததை விட்டு விட்டுத்தான் கோடு போடுவோம். எங்க பட்டறையில எல்லாரும் இப்படித்தான். கோட்டைப் பார்த்ததுமே ஆள் புரிஞ்சுக்குவான்."

"பிளந்தது?"

மாடத்தி தூணில் தொங்கிய மாலையில் கோத்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்றைப் பறித்து, மடியிலிருந்த கத்தியால் இரண்டாக நறுக்கினாள். "எத்தனை சுளைன்னு வெளியிலேருந்து தெரியுமா? அறுத்தாத் தெரியும். உத்தரம் எவ்வளவு தடிமன்னு காட்ட, படத்துல மட்டும் அறுத்தேன். ரம்பம் பட்ட இடத்துல சாய்வா கோடு இழுத்திருக்கேன் பாருங்க."

ராஜா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூன்று படமும் ஒரே சிம்மாசனமா! உடையுமா?"

"நீங்க நாளைக்கு இன்னொரு மடங்கு ஆனாலும் உடையாது."

பதினெட்டாம் நாள் சிம்மாசனம் வந்தது. ராஜா மெதுவாகப் பாதி உட்கார்ந்தான். பிறகு முழுசாக உட்கார்ந்தான். கிறீச் என்று ஒரு சத்தம் இல்லை. துணிச்சல் வந்து, குதித்து உட்கார்ந்தான். ஊஹூம், அசையவே இல்லை.

தன் முத்துமாலையைக் கழற்றி மாடத்தி கையில் கொடுத்தான். "இனி இந்த அரண்மனையில் இவள் வரையாமல் ஒரு முக்காலிகூடச் செய்யக்கூடாது. மருதங்கிழாரே, இப்படி வாரும். கல்யாணம் முடியும்வரை இந்தச் சிம்மாசனத்துக்குப் பின்னால் குனிந்து நில்லும். முன்னாலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் நீர் அங்கே இருக்க வேண்டும்."

கல்யாணச் சபையை வரையச் சொல்லி மாடத்திக்கு உத்தரவு. முன்னாலிருந்து பார்த்து வரைந்தாள். நடுவில் சிம்மாசனம், அதில் ராஜா, இந்த முறை முகத்தோடு. சிம்மாசனத்துக்குப் பின்னால், விட்டு விட்டுப் போட்ட கோட்டில், ஒரு குனிந்த மனிதர்.

ராஜா அதைப் பார்த்து விரலை வைத்தான். "இது உத்தரம்தானே?"

"இல்ல மகாராஜா," என்றாள் மாடத்தி. "இது எந்தக் கனத்தையும் தாங்காது."